ஊர்க்குளத்தின் கணக்கு: தன்னார்வ இயற்கையாளர் ஆக விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பறவை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் வேடந்தாங்கலையோ முதுமலையையோதான் கைகாட்டுவார்கள். அங்கெல்லாம் பார்க்கவும் எண்ணவும் வனத்துறை இருக்கிறது, ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருமுனையைத் தாண்டியதும் வரும் குளத்துக்கு யார் இருக்கிறார்கள்? போன தை மாதம் அதில் நாமக்கோழி எத்தனை இருந்தது, ஊசிவால் வாத்து எந்த வாரம் வந்து இறங்கியது, கரையில் நின்ற மருதமரத்தை வெட்டிய பிறகு அதில் அடைந்த நீர்க்காகங்கள் எங்கே போயின என்று கேட்டால், எழுதி வைத்த ஏட்டைப் புரட்டிப் பதில் சொல்ல ஊரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் ஆவதற்கான வழிகள் இவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குளங்களைச் சேர்ந்தவை. உங்களிடம் இருப்பது ஏரியோ கண்மாயோ தாங்கலோ, முறை ஒன்றுதான்.

தனியாள் ஒருவர் எழுதும் கணக்கால் என்ன ஆகிவிடும் என்ற சந்தேகம் வரும். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படையாக இருந்தவை 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிய ஏறத்தாழ 3 கோடி பதிவுகள். மின்கம்பியில் சாதாரணமாகப் பார்க்கும் பனங்காடை நாடு முழுவதும் குறைந்துவருகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. மயில் பெருகியிருக்கிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அதைத் தெரிந்துகொள்ள நம்மூர்த் தோட்டக்காரர்களுக்கு அறிக்கை தேவைப்பட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் தன்னார்வ இயற்கையாளர்களைப் பயிற்றுவிப்பதற்கென்றே மாநிலந்தோறும் ‘மாஸ்டர் நேச்சுரலிஸ்ட்’ திட்டங்கள் நடக்கின்றன. டெக்சாஸில் 40 மணி நேரப் பயிற்சி எடுத்து, 40 மணி நேரம் தொண்டு செய்தால்தான் சான்றிதழ். தமிழ்நாட்டில் எல்லாருக்கும் பொதுவான அப்படி ஒரே ஏற்பாடு இல்லை. பயிற்சியையும் தொண்டையும் நாமே கோத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதில் ஒரு வசதியும் உண்டு: யாரும் உங்களை மதிப்பெண் போட்டு அனுப்பிவிட முடியாது.

1. ஒரே ஓர் இடத்தைப் பிடியுங்கள்

வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் இருக்க வேண்டும். வண்டிக்கு பெட்ரோல் போட்டுத்தான் போக வேண்டும் என்றால் மழைக்காலத்தில் போகமாட்டீர்கள், மழைக்காலம்தான் முக்கியம். அழகான இடமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகாயத்தாமரை மண்டிய, ஓரத்தில் குப்பை கொட்டிய குளம் என்றால் உங்கள் கணக்குக்கு மதிப்பு இன்னும் கூடும்.

முதல் சில வாரம் பறவையை மறந்துவிட்டு இடத்தைப் படியுங்கள். ஒரு தாளில் கரை, தண்ணீர் திறக்கும் மடை, மிகுநீர் வழியும் கலிங்கு, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எல்லாவற்றையும் வரையுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வயலுக்குப் போகிறது, எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் சரிவு என்று குறியுங்கள். கரையின் பெரிய மரங்களுக்கு எண் கொடுங்கள். குளம் யாருடைய பொறுப்பு என்பதையும் கேட்டு வையுங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். பின்னால் மனு எழுதும்போது தவறான அலுவலகத்து வாசலில் நிற்காமல் இருக்க இது உதவும்.

2. பயிற்சி: முதலில் முப்பது, பிறகு மற்றவை

முந்நூறு பறவைகளின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் குளத்தில் தினமும் இருக்கும் முப்பதை, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் சொல்லிவிடும் அளவுக்குப் பழகுங்கள். நாமக்கோழி, தாழைக்கோழி, நீலத்தாழைக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து, மடையான், உண்ணிக்கொக்கு, பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், இலைக்கோழி, ஆள்காட்டி, வெண்மார்பு மீன்கொத்தி, செம்பருந்து, கரிச்சான், பனை உழவாரன் என்று பட்டியல் தானாக அமையும்.

பழகும்போது நிறத்தை நம்பாதீர்கள். தொடக்கக்காரர் எல்லாரும் சறுக்குவது வெள்ளைக் கொக்குகளில்தான். மஞ்சள் அலகு என்றால் இது, கறுப்பு அலகு என்றால் அது என்று பாடம் பண்ணிக்கொண்டு போவார்கள். பெரிய கொக்குக்கு இனப்பெருக்கக் காலத்தில் மஞ்சள் அலகு கறுத்துவிடும். வெள்ளையாக இருந்த உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாக மாறும். அளவு, கழுத்தின் வளைவு, காலின் நிறம், இரை தேடும் விதம் இவை நான்கையும் சேர்த்துப் பாருங்கள். கறுப்புக் காலில் மஞ்சள் பாதம் தெரிந்தால் சின்னக் கொக்கு. மாட்டின் பின்னாலேயே நடந்தால் பெரும்பாலும் உண்ணிக்கொக்கு. நிற்கும்போது சேற்றோடு சேறாக இருந்துவிட்டு, பறந்ததும் பளீரென்று வெள்ளை இறக்கை காட்டினால் மடையான்.

மடையில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சியும் ஆடு மேய்ப்பவரும்தான் உங்கள் முதல் ஆசிரியர்கள். ஊர்ப்பெயர்களை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கையேட்டுப் பெயரோடு பிறகு பொருத்திக்கொள்ளலாம். முறையான பயிற்சி வேண்டுமென்றால் இடங்கள் உண்டு. 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி, சேலம் பறவையியல் கழகம், வண்ணத்துப்பூச்சிகளுக்கு கோவையை மையமாகக் கொண்ட இயற்கை மற்றும் வண்ணத்துப்பூச்சிகள் கழகம், நெல்லை மாவட்டத்தில் மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் போன்றவற்றின் நடைகளில் கலந்துகொள்ளுங்கள். அனுபவசாலி ஒருவருக்குப் பக்கத்தில் நின்று அவர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார் என்று கவனித்தால், காணொலிகளில் கிடைக்காத பழக்கம் வரும். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் வீட்டிலிருந்தே படிக்கும் வகுப்புகளும் நடத்துகிறது.

கருவி பற்றி அதிகம் கவலை வேண்டாம். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 அளவுள்ள இருநோக்கி (பைனாகுலர்) போதும். 10x வாங்கினால் பறவை பெரிதாகத் தெரியும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்று, மழையில் அழியாதபடி பென்சில். கேமரா இருந்தால் நல்லது; ஆனால் கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மீன்கொத்தியைச் சுற்றி முக்கால் மணி நேரம் செலவழித்துவிட்டு, எதிர்க்கரையில் முந்நூறு வாத்து நின்றதைப் பார்க்காமல் வீடு திரும்புகிறார்கள். ‘மெர்லின்’ செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொல்வதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணால் பார்த்த பிறகே நோட்டில் ஏற்றுங்கள்.

பறவையோடு நிறுத்திவிடாதீர்கள். எருக்கஞ்செடியைத் திருப்பிப் பார்த்தால் வெந்தய வரியனின் புழு இருக்கும்; கறிவேப்பிலையில் எலுமிச்சை அழகியின் புழு. தாவரம் தெரிந்தவருக்குப் பூச்சி தெரியும், பூச்சி தெரிந்தவருக்குப் பறவை ஏன் அங்கே வருகிறது என்பது தெரியும்.

3. எண்ணுவதும் எழுதுவதும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

வாரம் ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ, முடிந்தவரை அதே நேரத்தில் போங்கள். விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் நல்லது. காலையில் குளத்தின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் உங்கள் முதுகில் இருக்கும், பறவையின் நிறம் தெரியும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாமே கறுப்பு நிழல்தான்.

நின்றதும் எண்ணத் தொடங்காதீர்கள். தேதி, தொடங்கிய நேரம், வானிலை, நீர்மட்டம் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். நீர்மட்டத்துக்கு அளவுகோல் தேவையில்லை, மடைப் படிக்கட்டில் எத்தனையாவது படி வரை தண்ணீர் என்று குறித்தால் போதும். பிறகு இடமிருந்து வலமாக ஒரு முறை மெதுவாகப் பார்த்து என்னென்ன இனம் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். இரண்டாவது முறை எண்ணிக்கை.

ஐம்பது வரை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதற்கு மேல் கூட்டமாக இருந்தால், முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே அளவு துண்டு எத்தனை அந்தக் கூட்டத்தில் அடங்கும் என்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் நூறு நூறாக. பல இனங்கள் கலந்து நின்றால் மொத்தத்தை முதலில் மதிப்பிட்டு, நடுவிலும் ஓரங்களிலும் சில இடங்களில் எந்த இனம் எத்தனை பங்கு என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். பருந்து வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், அவை உட்கார்ந்த பிறகு முதலிலிருந்து எண்ணுங்கள்.

தெரியாத பறவைக்குப் பெயர் வைத்துவிடும் ஆசையை அடக்குவது கடினம். ‘உள்ளான் வகை, 12’ என்று எழுதுவது நேர்மையான பதிவு. அதைவிட முக்கியமானது, ஒன்றுமே இல்லாத நாளையும் எழுதுவது. குளம் வற்றிக் கிடக்கும் ஆனி மாதத்தில் போய் ‘ஆள்காட்டி 2, மடையான் 1’ என்று எழுதிவிட்டு வர அலுப்பாகத்தான் இருக்கும். பூநாரை வந்த நாளைப் பத்துப் பேர் படம் பிடிப்பார்கள். வராத நாற்பது வாரத்தை நீங்கள் மட்டுமே எழுதியிருப்பீர்கள். ஒரு பறவை குறைகிறதா என்று கேட்பவருக்கு அந்த நாற்பது வாரம்தான் வேண்டும்.

ஓராண்டு எழுதினால் குளத்தின் நடப்பு உங்களுக்குப் பிடிபடும். பிசானம் என்னும் நெல் பருவத்துக்குக் குளம் நிறைந்திருக்கும்போது நடுவில் வாத்துகளும் நாமக்கோழிகளும் இருக்கும், ஓரத்தில் நடக்கும் பறவைகளுக்கு இடம் இருக்காது. தை பிறந்து தண்ணீர் இறங்க இறங்கச் சேற்றுத் திட்டுகள் தலைகாட்டும். அப்போது உள்ளான்கள், நெடுங்காலிகள். மாசி, பங்குனியில் மீன் ஒதுங்கும் குட்டைகளைத் தேடிக் கூழைக்கடாவும் நாரையும் வரும். எந்தப் பறவைக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்ற இந்த அறிவு, பின்னால் ஊராட்சியில் பேசும்போது உங்களுக்குக் கைகொடுக்கும்.

4. எழுதியதை எங்கே சேர்ப்பது

பறவைப் பட்டியலை கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இ-பேர்ட் தளத்தில் ஏற்றுங்கள். தமிழ்ப் பெயர்களிலேயே பார்க்கும் வசதி உண்டு. பட்டியலின் முடிவில் நீங்கள் இனங்கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா என்று கேட்கும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அதற்கு ‘ஆம்’ போடாதீர்கள். எண்ணிக்கை தெரிந்திருந்தும், பறவை இருந்தது என்று மட்டும் காட்டும் ‘எக்ஸ்’ குறியைப் போட்டுவிட்டுப் போவதும் வேண்டாம்.

செடி, பூச்சி, தவளை, சிலந்திக்கு ஐநேச்சுரலிஸ்ட் தளம். படம் ஏற்றினால் உலகெங்கும் உள்ளவர்கள் பெயர் சொல்ல உதவுவார்கள். மரங்களின் தளிர், பூ, காய் பருவங்களை வாரந்தோறும் குறிப்பதற்கு சீசன்வாட்ச் திட்டம் இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் புங்கமரமோ சரக்கொன்றையோ போதும், நடக்க முடியாத முதியவர்களும் பங்கெடுக்கலாம்.

சில நாட்களை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்ப் பறவையாளர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பதினைந்து நிமிடம் பார்த்துப் பட்டியலிட்டாலே சேர்த்துக்கொள்வார்கள், ஊருக்கு வந்திருக்கும் மச்சான், சித்தப்பா பிள்ளைகளையெல்லாம் இழுத்துக்கொண்டு போகச் சரியான சமயம். தை மாத வாக்கில் தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து பல குளங்களை எண்ணுகிறார்கள். வனத்துறையும் மாநில அளவில் ஒரே நேரத்தில் நடத்தும் பறவைக் கணக்கெடுப்புகளுக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறது. பிப்ரவரியில் உலகளாவிய நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு. செப்டம்பர் மாதம் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்புக்கு. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜனவரி முதல் கடற்கரையில் பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடி நடக்கும் இரவு நடை உண்டு. மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இதைச் செய்துவருகிறது.

5. செய்யக் கூடாதவை

கூடு இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம், அடுத்த ஞாயிறு பத்து கேமரா, அதற்கடுத்த வாரம் காலிக் கூடு. முட்டையிட்ட ஆள்காட்டி கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றினால் நீங்கள் நிற்கும் இடம் தவறு, வந்த வழியே திரும்புங்கள். குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மங்கலாக்கும் வசதி உண்டு. ஆந்தைக் கூடு, அரிய செடி போன்றவற்றுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். தன்னார்வலர் என்ற அடையாளத்தை வைத்துக்கொண்டு பறவையைப் பிடிக்கவோ, காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழையவோ முடியாது. தெருவில் கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம்தான். இதை அண்டை வீட்டாரிடம் முதல் நாளே போலீஸ்காரர் தோரணையில் சொன்னால் கிளி வீட்டுக்குள் போகும், நீங்கள் தெருவுக்கு வெளியே போவீர்கள்.

பெயர் பரவிவிட்டால் பாம்பு பிடிக்கக் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை கூட்டத்தை விலக்கி நிறுத்துவதே உங்கள் வேலை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் அடையாளம் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது. கையில் எடுக்கத் தெரிந்திருப்பது பாம்பு பிடிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரைப் போல் தலைமுறை அனுபவம் உள்ளவர்களின் காரியம். கடி பட்டவரை 108-இல் ஏற்றுங்கள், கயிறு கட்டவோ கீறவோ விடாதீர்கள்.

தரையில் கிடக்கும் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் பறக்கும் குஞ்சு என்றால் தாய் பக்கத்தில்தான் இருக்கும், பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகச் சொல்லுங்கள். காயம் பட்ட பறவையைத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றுவது வேண்டவே வேண்டாம்.

6. குளத்தை நம்பி வாழ்பவர்களிடம்

குளத்தில் உங்களுக்கு முன்பே ஆட்கள் இருக்கிறார்கள்: மீன் குத்தகைக்காரர், மாடு மேய்ப்பவர், மடை பார்ப்பவர், துணி துவைப்பவர். இருநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேசாமல் நடக்கும் ஆளைக் கண்டால் நிலம் அளக்க வந்தவரோ என்று சந்தேகம் வருவது நியாயம்தான். நீங்களாகப் போய் வணக்கம் சொல்லுங்கள். “அண்ணாச்சி, இதுல கொஞ்சம் பாருங்க” என்று இருநோக்கியைக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தினம் பார்த்த நீலத்தாழைக்கோழியின் ஊதா நிறத்தைக் கண்ணாடி வழியே பார்த்தவர் அடுத்த முறை உங்களுக்கு முன்பே தகவல் வைத்திருப்பார்.

குத்தகைக்காரர் விஷயம் மட்டும் சிக்கலானது. அவர் பணம் கட்டி மீன்குஞ்சு விட்டிருக்கிறார். நீர்க்காகக் கூட்டம் அவருக்கு நட்டம். வெடி போட்டு விரட்டுவார். அவரிடம் சட்டம் பேசுவதற்கு முன், எந்த மாதம் எந்தப் பறவை எத்தனை வருகிறது என்ற உங்கள் கணக்கைக் காட்டுங்கள். மீன்குஞ்சு சிறிதாக இருக்கும் வாரங்களில் குஞ்சு விட்ட மூலையில் மட்டும் ஆள் நிறுத்திக் காவல் காக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எல்லா நேரமும் ஒத்துவராது. பேச்சு முறியாமல் இருந்தாலே நல்லது.

பறவையைக் காப்பது வெளியிலிருந்து வந்த யோசனை என்று யாராவது சொன்னால் நம்மிடமே பதில் உண்டு. வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடக் கூடாதென்று செங்கல்பட்டு கலெக்டரிடம் எழுத்தில் உறுதி வாங்கியது 1798-இல். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூந்தன்குளத்திலும், சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பக்கத்து ஊர்களிலும் கூட்டிலிருக்கும் பறவைகளுக்காக தீபாவளிக்கு வெடி போடுவதில்லை.

7. பள்ளிக்கூடம்

தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி, பெற்றோர் சம்மதம், கூடவே ஓர் ஆசிரியர். இந்த மூன்றும் இல்லாமல் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். சேறும் ஆழமும் உள்ள பக்கத்தைத் தவிர்த்து வழியை முன்கூட்டியே நடந்து பாருங்கள்.

பதினைந்து பிள்ளைக்கு ஒரு இருநோக்கி என்றால் சண்டைதான் நடக்கும். இருநோக்கி தேவைப்படாததைக் காட்டுங்கள். நத்தைகுத்தி நாரை தின்றுவிட்டுப் போட்ட நத்தை ஓடுகளைத் தேடச் சொல்லுங்கள். சேற்றில் பதிந்த கால்தடத்தில் எது கொக்கு, எது கீரி என்று கேளுங்கள். உதிர்ந்த இறகைப் பார்த்துவிட்டு அங்கேயே போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கண்ணை மூடி எத்தனை குரல் கேட்டது என்று விரல் மடக்கச் சொல்வது எந்த வகுப்பிலும் தோற்றதில்லை. பெயர் சொல்லிக் கொடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளே கேட்பார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் எர்லி பேர்ட் திட்டம் பறவை அட்டைகளையும் சுவரொட்டிகளையும் இந்திய மொழிகளில் தருகிறது, வகுப்பறைக்கு அவை நன்றாகப் பயன்படும்.

ஒரே நாள் நிகழ்ச்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாதம் ஒரு முறை அதே எட்டாம் வகுப்பு, அதே குளம், அதே நோட்டு. ஆண்டு முடிவில் அவர்கள் வரையும் வரைபடம் சுவரில் தொங்கினால் அடுத்த வகுப்பு தானாக வரும்.

8. ஊராட்சியும் அலுவலகமும்

2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு தயாரிக்க வேண்டும். 2020 ஜனவரிக்குள் முடித்தாக வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததால் பல இடங்களில் அவசரத்தில் நிரப்பப்பட்டது. உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லாத மரம் இருக்கும், இருக்கும் பறவை விடுபட்டிருக்கும். திருத்தங்களைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். பாட்டி சொன்ன மருந்துக் குறிப்பு போன்றவற்றை மட்டும் சொன்னவரின் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டாம்.

உங்கள் நோட்டு உண்மையில் தேவைப்படும் இடம், குளத்தைத் தூர்வாரி அழகுபடுத்தும்போது. நல்லெண்ணத்தோடுதான் செய்வார்கள். நான்கு பக்கமும் கரையைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதை போட்டு, நடுவில் மின்விளக்கு வைத்துவிடுவார்கள். தண்ணீர் நிறையத் தேங்கும். ஆனால் கணுக்கால் ஆழத் தண்ணீரில் நடந்து மேயும் உள்ளானுக்கும் நாரைக்கும் அரிவாள்மூக்கனுக்கும் நிற்க ஒரு சாண் இடம் மிஞ்சாது. வேண்டாம் என்று மறியல் செய்வதைவிட, ஒரு பக்கமாவது சரிவாக விடுங்கள், மண்திட்டு ஒன்றைத் தோண்டாமல் வையுங்கள், கூடு உள்ள மரத்தை வரைபடத்தில் குறித்துத் தவிர்த்துவிடுங்கள் என்று குறிப்பாகக் கேட்பது பலன் தரும். சீமைக்கருவேலத்தை வெட்டுவது சரிதான். பல குளங்களில் அதிலும் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதால், குஞ்சுகள் பறந்த பிறகு, பகுதி பகுதியாக வெட்டச் சொல்லுங்கள்.

மரம் நடும் விழாக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெறுந்தரை என்று நினைத்து மரக்கன்று வைக்கும் மேய்ச்சல் புல்வெளிதான் வானம்பாடிக்கும் ஆள்காட்டிக்கும் கூடு. எங்கே நட வேண்டாம் என்று சொல்வதற்கு ஊரில் ஓர் ஆள் இருப்பது பெரிய உதவி. கரையில் பனை விதை ஊன்றுவதற்கு யாரும் குறை சொல்லப்போவதில்லை, அங்கே கூட்டிப் போங்கள்.

9. ஆண்டு அறிக்கை

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பக்கத்தில் மாதவாரியாகப் பறவை எண்ணிக்கையும் நீர்மட்டமும் ஓர் அட்டவணையில். இரண்டாம் பக்கத்தில் இந்த ஆண்டு புதிதாக வந்தவை, வராமல் போனவை, குளத்தில் நடந்த மாற்றங்கள், கேட்டுக்கொள்ளும் இரண்டே இரண்டு காரியங்கள். பத்து கோரிக்கை வைத்தால் பத்தும் கோப்பில் தூங்கும். மூல நோட்டின் நகல் ஒன்றைப் பள்ளி நூலகத்திலோ ஊர் நூலகத்திலோ வையுங்கள். நீங்கள் வேலைக்காக வேறு ஊர் போய்விட்டாலும் வேறொருவர் அதே கரையிலிருந்து, அதே மடைப் படிக்கட்டைப் பார்த்துத் தொடர முடியும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அறிக்கையைக் கொடுக்க மார்ச் 22-ஐத் தேர்ந்தெடுங்கள். அன்று உலகத் தண்ணீர் தினம் என்பதால் குளம் பற்றிப் பேச யாரும் தடை சொல்லமாட்டார்கள். வலசைப் பறவைகளின் கணக்கும் அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும், கோடைத் தூர்வாரும் வேலைக்கு இயந்திரம் இறங்க இன்னும் சில வாரம் இருக்கும். தலைவருக்கும் ஊராட்சிச் செயலருக்கும் முந்தைய வாரமே ஒரு நகல் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் வாசிக்கும் அறிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லிக் கேளுங்கள்.